இருபது படத்தில் ஒரு வளையல்

“பாத்தியா உங்க ஊட்டு சீரை? ஆறே மாசத்துல பல்ல இளிக்குது!”

மருமகள் நளினியின் வளையலை மேஜை மேல் வீசினார் நகைக்கடைக்காரர் தனபால்.

“தங்கச் சுரங்கத்துல வேலை செஞ்சா மட்டும், ஊரிகம் லைன் வீட்டுக்காரங்களுக்குத் தங்கம்னா இன்னான்னு தெரியுமா? டேய் ரூபேஷ், போட்டோ புடிடா. சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போடறேன்.”

மகன் ரூபேஷ் கேமராவில் இருபது படம் எடுத்தான்.

“ஒத்த வளையலுக்கு இருபதா? இன்னாடா வித்த காட்டற?”

“கிட்டக்க எடுத்தா முன்பக்கம்தான் தெளிவா வரும்ப்பா, பின்பக்கம் மங்கிடும். ஃபோகஸை நகத்தி நகத்தி எடுத்து ஒண்ணா சேத்தா, முழுசும் துல்லியமா தெரியும்.”

“தெரியட்டும். இவ அப்பன் மானமும் முழுசா போவட்டும்!”

கம்ப்யூட்டரில் படங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முன்பக்கம் முலாம் உரிந்து பித்தளை பளிச்சென்று தெரிந்தது. தனபால் சிரித்தார். பின்பக்கம், வளையலின் உள்ளே குத்தியிருந்த கடை முத்திரையும் அதே அளவு பளிச்சென்று தெரிந்தது. அவருடைய கடை முத்திரை.

நளினி இப்போதுதான் பேசினாள். “சம்பந்தம் பேசறதுக்கு முன்னாடியே எங்கப்பா உங்க கடையில வாங்கினது மாமா. குரூப்புல போட்டுடலாமா?”

தனபால் மகனைப் பார்த்தார்.

“பின்பக்கம் மங்கலா ஒண்ணு எடுத்தியே, அதையே போடுடா.”