கிராணி வீட்டுப் பாட்டு

புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகள் மறுபடியும் காணாமல் போயிருந்தன. முகுந்தன் மெனேஜராக வந்து மூன்றே வாரம்தான் ஆகியிருந்தது. மாதம் முடிவதற்குள் திருட்டை நிறுத்தாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது.

வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமிதான் துப்புக் கொடுத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தோட்டத்தைக் காப்பவர் என்று இருபது வருஷமாகப் பெயரெடுத்தவர்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க சார். ஆபீசுல கணக்கு எழுதுன பழைய கிராணி ராசரத்தினம் தெனம் சாயங்காலம் ஒரு பாட்டு போடுறாரு. தமிழும் இல்ல, மலாயும் இல்ல. அது கேக்குற நேரம் பாத்துத்தான் மேட்டுப் பக்கம் குலை போவுது. ஆளு இல்ல, வாங்கன்னு சிக்னல்லா அது."

அன்று மாலையே முகுந்தன் ஒளிந்திருந்து கேட்டார். சரியாக ஆறு மணிக்குக் கிராணி வீட்டு ஜன்னல் வழியே ஒரு கிதார் முனகியது. பிறகு ஓர் ஆண்குரல், பல்வலிக்காரன் போல இழுத்து இழுத்து அழுதது. இதை ஆசைப்பட்டு எவனாவது கேட்பானா? சிக்னலேதான் என்று முடிவுகட்டிக் கதவைத் தட்டினார்.

பாட்டுக் கேட்க ஓர் ஆள் வந்துவிட்டதென்று ராசரத்தினத்துக்கு ஒரே சந்தோஷம். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனி, கறுப்பினப் பாடகர்களைப் பாடவைத்து வெளியிட்ட ப்ளூஸ் இசைத்தட்டுகள் இவை. சொந்த ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ராசரத்தினத்தின் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். சிக்னல் விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடிப்போனது.

"என்ர மனிசி கண்ணை மூடின பிறகு எனக்கு இதுகள்தான் துணை, தம்பி. நான் ஏன் களவுக்குப் போறன்?"

முகுந்தன் மசியவில்லை. விசாரணை முடியும்வரை ஆபீசில் இருக்கட்டும் என்று நாற்பது தட்டுகளையும் பெட்டியோடு காரில் ஏற்றினார். குலுங்கினால் உடைந்துவிடும், மெதுவாக ஓட்டுங்கள் என்று ராசரத்தினம் கேட் வரைக்கும் வந்து கெஞ்சினார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறதே.

மறுநாள் மாலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. முகுந்தன் நிம்மதியாகத் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார். திருட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தாயிற்று என்றார். எல்லாம் நல்லசாமியின் சாமர்த்தியம், அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சிபாரிசும் செய்தார்.

அதே நேரத்தில், கிராணி வீட்டுக்குப் பின்னால், தோட்டத்திலேயே நன்றாகக் காய்த்திருந்த செம்பனைகளுக்கு நடுவே நின்று நல்லசாமியும் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"துரையோட பேய் அழுவுதுன்னு இந்தப் பக்கம் வரமாட்டேன்னீங்கல்ல, அந்தப் பேயை மெனேஜரே காருல ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு, லோரியக் கொண்டாங்கலா."