முதல் சீட்டு

"என்னைய விட்டுருங்கக்கா. காச மாசா மாசம் கட்டிர்றேன். மொதச் சீட்டுக் குலுக்கல்ல மட்டும் என்னையச் சேக்காதீங்க."

வேலாயி கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். இடுப்பிலிருந்த எட்டு மாதக் குழந்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்குடி கதை!" என்றாள் மீனம்மா. "உனக்கு மட்டும்தான் உசுரு வெல்லக்கட்டியா? இங்க இருக்க பத்துப் பேரும் புள்ளகுட்டிக்காரங்கதான்."

இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த பெண்கள் சம்பளத்துக்குச் சம்பளம் காசு போட்டுச் சீட்டு கட்டுவார்கள். மாதம் ஒருத்தி மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொள்வாள். முதல் சீட்டு மட்டும் சீட்டு பிடிப்பவளுக்கு. ஒரு காலத்தில் அதற்கு அடிபிடியே நடக்கும். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் அதை எடுத்த காளியாயி, பணம் கைக்கு வந்த மாதமே ஆற்று வெள்ளத்தோடு போனாள். போன வருடம் எடுத்த ராக்காயி, காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவ்வளவுதான். முதல் சீட்டு ஆளைத் தூக்கிவிடும் என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அதற்காகச் சீட்டை விடவும் முடியாது. கல்யாணம், காதுகுத்து, தீபாவளித் துணி எல்லாம் அதை நம்பித்தான். இந்த வருடம் மீனம்மா சீட்டு பிடிக்க ஒத்துக்கொண்டதே ஒரு பேச்சின் பேரில்தான். முதல் சீட்டும் குலுக்கலுக்கு வரவேண்டும். யாருக்கு விழுகிறதோ அவள் மறுக்கக்கூடாது.

எழுத்து தெரியாதவர்கள் என்பதால் ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தார்கள். ஒருத்திக்குச் சோழி, ஒருத்திக்கு வளையல் துண்டு. வேலாயிக்குப் புருஷனுடைய பழைய கோட்டிலிருந்த பித்தளைப் பொத்தான். அரிசிப் பானைக்குள் கையை விட்டு அவரவர் அடையாளத்தைப் புதைத்துவிட வேண்டும். சீட்டில் சேராத ஒருவர் துழாவி ஒன்றை எடுப்பார். இன்றைக்கு அந்த வேலை, சம்பள நாளில் துணி மூட்டையோடு வரும் முஸ்லிம் வியாபாரி ராசிக் நானாவுக்கு.

"கெதியாப் போடுங்க புள்ள. மழைக்கு முந்தி நான் கீழ எறங்கோணும்."

மீனம்மா முதலில் போனாள். "மாரியாத்தா இருக்கா, எனக்கென்ன பயம்?" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே கையை விட்டு எடுத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகப் போய்த் திரும்பினார்கள். ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை.

கடைசியாக வேலாயி. அரிசி சில்லென்றிருந்தது. உள்ளங்கை வேர்வையில் பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடின கையை மூடினபடியே எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பால் மறக்காத பிள்ளை. தான் போய்விட்டால் இதை யார் பார்ப்பார்கள்? புருஷன் அழகுமுத்துவுக்கு ஒரு கஞ்சி காய்ச்சக்கூடத் தெரியாது.

ஆனால் தான் ஒளித்தால் அந்தச் சாவு பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரிக்கு அல்லவா போகும்? அவள் பிள்ளையும் பிள்ளைதானே!

விரல்களைப் பிரித்தாள். பொத்தான் அரிசிக்குள் நழுவியது.

மீனம்மா பானையைக் குலுக்கி வைத்தாள். ராசிக் நானா "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் கையை விட்டார். கை அடிவரைக்கும் போய் ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று.

"ஆ, வந்துட்டு! இது யார்ட?"

அவர் விரல்களுக்கிடையில் பித்தளைப் பொத்தான்.

வேலாயி பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மீனம்மா பணமுடிப்பை இடது கையாலேயே எடுத்து அவள் மடியில் போட்டாள். சாவுப் பணத்துக்கு அது போதும் என்று நினைத்தாளோ என்னவோ.

"அழாதடி. பத்துப் பேர்ல ஆத்தா உன்னையத் தேடிப் புடிச்சிருக்கா. நம்ம கையில என்ன இருக்கு?"

"ஆமாக்கா," என்று விம்மினாள் வேலாயி. "எமன் எம் பேரத்தான் எழுதி வச்சிருக்கான்."

ராசிக் நானாவுக்குப் பாவமாக இருந்தது. இனி அங்கே உட்கார்ந்திருக்க அவருக்கு மனமில்லை. "சரி, மத்த சாமானெல்லாம் எடுத்துத் தாறன். அவங்கவங்கட வாங்கிக்கொள்ளுங்க," என்று பானையைத் தூக்கினார்.

"வேணாம் நானா! அது கெடக்கட்டும்!" என்று பதறினாள் மீனம்மா.

அதற்குள் அவர் பானையைச் சாக்கின் மேல் கவிழ்த்துவிட்டார். அரிசியை இரண்டு கையாலும் பரப்பிப் பார்த்தார். திரும்பவும் கிளறினார்.

"என்ன புள்ள இது? உள்ளுக்கு ஒண்டுமே இல்லியே!"

வேலாயி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். மீனம்மா உட்பட ஒன்பது பேரும் மூடியிருந்த வலது கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.