யார் கண்ணிலும் படாத வீடு

"போலீஸ்காரங்க இந்தப் பக்கம் அடிக்கடி வருவாங்களா, மேடம்?"

கேட்டவன் வெண்டல். வீட்டைப் பார்க்க வந்தவன் வீட்டைப் பார்க்கவில்லை. பைன் மரங்களுக்கு நடுவே ஏறி வரும் மண்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாராவது செத்தா வருவாங்க," என்று சிரித்தாள் லோரெட்டா. அமெரிக்காவின் மொன்டானா மலைகளில், கார்விக் மாவட்டம் முழுவதற்கும் நிலமும் வீடும் விற்றுத் தருபவள் அவள். "பனி விழுந்துட்டா அதுக்கும் வர மாட்டாங்க. ஏன் தம்பி?"

"சும்மாதான். போன்ல சிக்னல்?"

"மலை உச்சியில ஏறி நின்னாக்கூடக் கிடைக்காது."

"நல்லது," என்றான் அவன்.

அந்த ஒரு சொல் லோரெட்டாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

நகரம் எரியும், நாணயம் செல்லாக்காசாகும், நாளைய பொழுது விடியாது என்று நம்பி, கோதுமை மூட்டையும் இரும்பு அடுப்புமாய் அந்த மாவட்டத்தில் குடியேற வருவோர் ஆண்டுதோறும் பலர். அவர்களை அவள் அறிவாள். வந்த கையோடு கிணற்று நீரைக் குடித்துப் பார்ப்பார்கள். மண்ணைக் கிள்ளி மோந்து பார்ப்பார்கள். உருளைக்கிழங்கு விளையுமா, ஆடு தாங்குமா, உறைபனி எந்த மாதம் ஓயும் என்று துளைத்தெடுப்பார்கள். உலகமே அழிந்தாலும் அவர்கள் சாப்பிட்டாக வேண்டுமே! இவனோ தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் மனிதரைப் பற்றி.

"கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாருங்களேன். போன மாசம் வந்தவரு மண்ணையே நாக்குல வச்சு ருசி பார்த்தாரு."

"அது இருக்கட்டும் மேடம். பக்கத்து வீடு எவ்வளவு தூரம்?"

"கூப்பிட்டாக் கேக்காது."

"கத்தினா?"

லோரெட்டாவின் சிரிப்பு நின்றது.

அவனோடு வந்த நடீன், சுவரில் முதுகு ஒட்ட நின்றுகொண்டிருந்தாள். வந்ததிலிருந்து ஒரு சொல் பேசாதவள். கழுத்துத் துணி சற்றே விலகிய இடத்தில், கன்றி மஞ்சளாகிப் போன விரல் தடங்கள் தெரிந்தன.

"உனக்கு வீடு பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டாள் லோரெட்டா.

நடீன் வாய் திறப்பதற்குள் வெண்டல் குறுக்கிட்டான். "பிடிக்கறது என்ன மேடம், பிடிக்காதது என்ன! இவ யார் கண்ணுலயும் படக் கூடாது, அவ்வளவுதான். இந்த ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்டுக்கலாமில்ல?"

கம்பி போட்ட ஜன்னல்! வீடு என்ற பெயரில் இந்த நாட்டில் எத்தனை சிறைகள்! தாழ்ப்பாள் திருடனைத் தடுப்பதற்கு என்கிறார்கள். உள்ளே இருப்பவளைத் தடுப்பதற்கென்றே அது போடப்படும் வாசல்கள் எத்தனை! முன்னொரு குளிர்காலத்தில் இதே பள்ளத்தாக்கில் இப்படியொருவன் இப்படியொருத்தியைக் கொண்டுவந்து வைத்தான். பனி உருகிய பிறகுதான் ஊர் அவளைப் பார்த்தது; பிணமாகப் பார்த்தது. அந்த வீட்டின் சாவியைக் கொடுத்த கை லோரெட்டாவின் கை. இன்னொரு முறை அது கொடுக்காது.

"விறகுக் கொட்டகையைப் பாருங்க. வண்டியில இருந்து அதோட சாவியை எடுத்துட்டு வரேன்."

ஊர்த் தீயணைப்புப் படையில் அவளும் ஒருத்தி என்பதால், அவள் வண்டியில் எப்போதும் ஒரு வயர்லெஸ் இருக்கும். மாவட்டப் போலீஸ்காரன் ஆர்லோவைப் பிடித்தாள்.

"தம்பி, ஒரு வண்டி நம்பர் சொல்றேன், குறிச்சுக்க. பக்கத்து மாநிலம் ஐடஹோவோட வண்டி. ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கான். ஆளு சரியில்லைன்னு தோணுது."

"உனக்கு யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் தோணும் அக்கா. அணுகுண்டுக்குப் பயந்து வந்த பல் டாக்டரைக் கொலைகாரன்னு சொன்னவதானே நீ!"

"வெளாடாதேடா. அவங்க ஊர்ல விசாரி."

பிறகு நேரம் நகர மறுத்தது. லோரெட்டா நிலவறையைக் காட்டினாள். காட்டியதையே மறுபடி காட்டினாள். கரடி வந்த கதை சொன்னாள். வெண்டல் காதில் எதுவும் ஏறவில்லை. காற்றில் ஒரு கிளை முறிந்தாலும் திரும்பிப் பாதையைப் பார்த்தான்.

"வீட்டை எடுத்துக்கறோம் மேடம். இன்னைக்கே சாவி வேணும்."

"இன்னைக்கேவா? அப்படி யாரு துரத்தறா உங்களை? உலகம் நாளைக்கு அழிஞ்சா போதாதா?"

அவன் சிரிக்கவில்லை. "கிடைக்குமா, கிடைக்காதா?" என்றான்.

"வண்டியில பார்க்கறேன்," என்று சொல்லிவிட்டு ஓடினாள். வயர்லெஸ் கரகரத்தது.

"அக்கா, நீ சொன்னது சரிதான். அந்த வண்டியை ஒரு வாரமாத் தேடறாங்களாம். பேச்சுக் குடுத்து ரெண்டு பேரையும் அங்கேயே நிறுத்தி வை, நான் கிளம்பிட்டேன். அந்த ஊர்ப் போலீஸ் கேப்டனும் புறப்பட்டுட்டாரு. விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் நாற்காலியில உக்காரலையாம்."

லோரெட்டாவுக்கு மூச்சு வந்தது. வெண்டல் கொட்டகைப் பக்கம் நின்ற சமயம் பார்த்து உள்ளே போனாள். நடீனின் குளிர்ந்த கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

"இனிமே நீ யாருக்கும் பயப்பட வேண்டாம்மா. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்க ஊர்ப் போலீஸ் கேப்டனே உன்னைக் கூட்டிட்டுப் போக நேர்ல வர்றாரு."

நடீன் முகத்தில் இரத்தம் வற்றியது. கைகளை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அன்று முதன்முறையாக அவள் குரல் அந்தப் பள்ளத்தாக்கில் ஒலித்தது.

"அண்ணா, வண்டியை எடு! இவங்க என் புருஷனுக்கே சொல்லிட்டாங்க!"