போட்டிக்கு வந்தவள்

கூலிங்கிளாஸைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பெண் ஹாலில் மிச்சமிருந்த மர அலமாரியை இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்ற கணக்கு டீச்சருக்கு அங்கேயே வயிறு எரிய ஆரம்பித்தது. தான் இந்த வீட்டைப் பார்க்க வந்திருப்பதே இரண்டாம் முறைதான். அதற்குள் ஒருத்தி அலமாரியையும் சேர்த்து விலை பேசும் அளவுக்கு வந்துவிட்டாளே!

கொஞ்ச நாளாகப் பூட்டிக் கிடக்கும் வீடு. உரிமையாளர் விலை பேச நேரில் வருவதில்லை, எல்லாம் புரோக்கர் வழியாகத்தான். டீச்சர் புரோக்கரை ஓரமாகக் கூப்பிட்டு, அது யார் என்று கேட்டாள்.

புரோக்கர் ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க லேசுல விட்டுக்கொடுக்கிற ஆள் இல்ல மேடம். நீங்க கொஞ்சம் ஏத்திக் கொடுத்தா நான் பேசிப் பார்க்கிறேன்."

டீச்சர் விறுவிறுவென்று உள்ளே போனாள். கூலிங்கிளாஸும் பின்னாலேயே வந்தாள். சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் கும்மிருட்டு. டீச்சர் ஸ்விட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டிருக்கும்போதே, அவள் கதவுக்குப் பின்னால் கையை விட்டு லைட்டைப் போட்டாள். போட்டுவிட்டு ஒரு சிரிப்பு வேறு. பெரிய கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்கிறாளாம்.

டீச்சரின் பழைய வீடு ஏற்கெனவே கைமாறிவிட்டது. அதை வாங்கியவர்கள் ஜன்னல் திரைக்கு அளவுகூட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்தாக வேண்டும். இந்த வீடு கைநழுவினால் மூட்டை முடிச்சோடு தெருவில்தான் நிற்க வேண்டும். உண்மையைச் சொன்னால், தெருவில் நிற்பதைக்கூட டீச்சர் தாங்கிக்கொள்வாள். இந்த வீட்டு மாடியில் கூலிங்கிளாஸ் நிற்பதைத்தான் அவளால் தாங்க முடியாது.

கணவர் சாதுவான மனிதர். பஸ் ஸ்டாப் பக்கம் இன்னொரு வீடு தோதான விலையில் இருப்பதாக இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்தார்.

"அந்தம்மா வாங்கினா வாங்கிட்டுப் போகட்டுமே. ஊர்ல வேற வீடா இல்ல?"

"வீடு ஆயிரம் இருக்குங்க. இது அவளுக்குப் போகக் கூடாது."

 அதற்குமேல் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்கு அத்துப்படி.

வகுப்பில் டீச்சர் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று போர்டில் எழுதினாள். முன் பெஞ்சு சிரித்தபோதுதான் சுயநினைவு வந்தது. அவள் மனம் முழுக்க, தான் நாற்காலி போட நினைத்த ஜன்னலோரத்தில் கூலிங்கிளாஸ் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புரோக்கர் நாள் தவறாமல் போன் செய்தார். அந்தம்மா இன்றைக்கும் வந்தார்கள், மாடியில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்கள் என்பார். அவ்வளவுதான், டீச்சர் விலையை ஏற்றிவிடுவாள். முதலில் வங்கியில் இருந்தது கரைந்தது. அடுத்து கணவரின் கார் போனது. அவர் காலையில் பஸ்ஸுக்கு ஓட ஆரம்பித்தார். கடைசியில் மகளின் மேல்படிப்புக்கு வைத்திருந்ததிலும் டீச்சர் கை வைத்தாள். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். கணக்கு டீச்சர்தான், கூட்டலில் ஒரு தப்பும் வரவில்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை.

ஒருவழியாக வீடு முடிந்துவிட்டது என்று புரோக்கர் சொன்ன அன்று, பத்திரம் என்றைக்கு என்றுகூட டீச்சர் கேட்கவில்லை.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா? மூஞ்சி எப்படிப் போச்சு?"

"சிரிச்சாங்க மேடம்."

டீச்சர் இதை நம்பவில்லை. வெளியே சிரித்திருப்பாள், உள்ளே வெந்துபோயிருப்பாள். அந்த நினைப்பில் அன்றைக்குச் சாப்பாடு ஒரு பிடி கூடவே இறங்கியது.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் கூட்டம் முட்டி மோதியது. பெயரைக் கூப்பிட்டதும் டீச்சர் பேனாவோடு மேஜையை மறித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் வந்த கசங்கல் சட்டையோடு கணவர் பின்னால் நின்றார். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள் கூலிங்கிளாஸ்.

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொறாமை தாங்காமல் இங்கேயே வந்துவிட்டாளே, பாவம். ஜெயித்தவளுக்குப் பெருந்தன்மை தானாக வரும். டீச்சர் கணவரை முழங்கையால் இடித்துவிட்டு, நேராக வந்து நின்ற அவளிடம் கனிவாகச் சொன்னாள்.

"மனசைத் தேத்திக்கோங்க. உங்களுக்குன்னு ஒரு வீடு அமையாமலா போயிடும்?"

 அவள் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க. விக்கிறவங்கதான் முதல்ல கையெழுத்துப் போடணுமாம்."