வழியை மறித்தவள்

"எவன் அப்பன் வீட்டுச் சொத்துலே இந்த ரோடு?"

காருக்குள் உட்கார்ந்தபடி பூவனநாதன் போட்ட சத்தத்தில், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

முத்துசெல்வம் காரை நிறுத்தியிருந்தான். பாதையின் குறுக்கே இரும்புக் கேட். அதில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. 'தனியார் வழி. திரும்பிப் போகவும்' என்று இங்கிலீஷில் ஒரு பலகை வேறு.

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தொழிற்சாலை இரண்டு வைத்திருக்கும் பூவனநாதன், மகனைப் பார்க்க மனைவி சுதாராணியோடு முதல்முறையாக லண்டனுக்கு வந்திருந்தார். ஈஸ்டர் லீவுக்கு வேல்ஸ் மலைப்பக்கம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து, அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான் முத்துசெல்வம்.

மெயின் ரோட்டை விட்டு இறங்கியதிலிருந்து ஒரு கார் அகலத்துக்குத்தான் பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புதர்வேலி. எதிரே வண்டி வந்தால், யாராவது ஒருவர் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து ஒதுங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் முத்துசெல்வம்தான் ஒதுங்கினான். கதவெல்லாம் முள் கீறல். வீடு இந்தா வந்துவிட்டது என்கிற நேரத்தில் இந்தப் பூட்டு.

"மலையைச் சுத்தி வேற ரோடு இருக்குப்பா. அப்படிப் போயிரலாம்."

"எதுக்குச் சுத்தணும்? மேப்புல என்ன போட்டிருக்கு?"

"பொதுவழின்னுதான் போட்டிருக்கு."

"பெறகென்ன? ஆரனை அடி."

அடித்தான். பக்கத்துக் கொட்டகையிலிருந்து, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சேற்றை மிதித்துக்கொண்டு வந்தாள். முத்துசெல்வம் இறங்கிப் போனான்.

"பலகையைப் படிக்கவில்லையா?" என்றாள். "இது என் நிலம். லீவுக்கு வருகிறவர்கள் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறார்கள். போன வாரம் என் குட்டிகள் இரண்டு கார் ஏறிச் செத்துப்போயின. அதனால்தான் பூட்டினேன்."

"சாரி" என்றான் முத்துசெல்வம். காலை மிதித்தவனிடமே சாரி சொல்லப் பழகிவிட்டிருந்தான் இந்த நாட்டில்.

அதற்குள் பூவனநாதன் இறங்கிவிட்டார்.

"தெரியாத ஊர்ல வந்து எதுக்கு வம்பு? வண்டியில ஏறுங்க" என்றாள் சுதாராணி.

"நீ சும்மா இரு. என்னலே சொல்லுதா அவ?"

சொன்னான்.

"சரி. நான் சொல்லுததை ஒண்ணு விடாம அவகிட்ட சொல்லு. ஆட்டுக்குட்டி செத்ததுல எனக்கும் வருத்தந்தான். அதுக்காக, காலங்காலமா சனங்க போற பாதையைப் பூட்டுவியா? நிலம் ஒனக்குச் சொந்தமா இருக்கலாம். ஆனா அதுல நடந்து நடந்து தடம் போட்டவன் எவனோ ஒருத்தன். அவன்கிட்ட பத்திரமும் கிடையாது, பட்டாவும் கிடையாது. இருந்தாலும் பாதை அவனுக்குத்தான். அதை அடைக்கதுக்கு ராஜாவுக்கும் உரிமை இல்ல. சொல்லுலே!"

குரலில் அப்படி ஒரு ஆவேசம். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

முத்துசெல்வம் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான். சொல்லச் சொல்ல அவனுக்கே குரல் நிமிர்ந்துவிட்டது.

அந்தப் பெண்மணியின் முகம் சிவந்தது. பிறகு கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

"உங்கள் அப்பா சொல்வது சரிதான். என் தாத்தா இருந்தாலும் என்னைத் திட்டியிருப்பார். கேட்டை மட்டும் சாத்திவிட்டுப் போங்கள்."

பூவனநாதன் தன் கையாலேயே கேட்டைச் சாத்தி, கொண்டியை மாட்டிவிட்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார்.

சின்ன வயதில் கடைத்தெருவில், பஸ்ஸில், ஹெட்மாஸ்டர் ரூமில் என்று அப்பா சத்தம் போட்ட இடத்திலெல்லாம் கூனிக்குறுகி நின்றவன் முத்துசெல்வம். இன்றைக்கு அவனுக்கு நெஞ்சு விம்மியது.

"நானா இருந்தா திரும்பிப் போயிருப்பேன்ப்பா. நீங்க பேசுனிய பாருங்க, அதான் நியாயம்."

"நியாயத்துக்கு எந்த ஊரா இருந்தா என்னலே?" என்றார் பூவனநாதன், சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

மேட்டில் ஏறியதும் செல்போன் அடித்தது. முத்துசெல்வம் ஸ்பீக்கரைப் போட்டான். ஊரில் ஆபீஸைக் கவனித்துக்கொள்ளும் செண்பகராஜ்.

"தம்பி, அண்ணாச்சி பக்கத்துல இருக்காவளா? அண்ணாச்சி, நாம புதுசா வாங்குன கழுகுமலை ரோட்டுப் புஞ்சைக் காட்டுல, வண்டிப்பாதையை அடைச்சு கேட் போட்டோம்லா? அங்கனதான் நிக்கேன். ஊருக்குள்ள இருந்து ஒரு ஆட்டோ வந்திருக்கு. நம்ம ஆபீஸ்ல வேலை பாக்குத மாடத்திக்கு வலி எடுத்துருச்சு, தலைப்பிரசவம். நல்ல மழை வேற. சுத்திப்போற பாதை பூரா கரிசல் சகதி, ஆட்டோ இறங்குனா புதைஞ்சிரும். கேட்டைத் திறந்து விடட்டுமா?"

பூவனநாதன் போன் பக்கம் குனிந்தார். அவர் குரலில் இப்போது கோபமே இல்லை.

"திறக்காத. இன்னைக்கு ஒரு வண்டியை விட்டா, நாளைக்குப் பாதைன்னு கேஸ் போட்டுருவானுவ. கட்டில்ல வச்சு சுத்துப்பாதை வழியா தூக்கிட்டுப் போகச் சொல்லு."

கார் நின்றது.

முத்துசெல்வம் அப்பாவைப் பார்த்தான். அவர் ஜன்னல் வழியே மலையை ரசித்துக்கொண்டிருந்தார். பின் சீட்டில் சுதாராணி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

அவன் போனைக் கையில் எடுத்தான்.

"அண்ணே, கேட்டைத் திறந்து ஆட்டோவை விடுங்க. இனிமே அதைப் பூட்டவே வேண்டாம். ஊர்க்காரவிய கேஸ் போட்டா, அவிய பக்கம் சாட்சி சொல்ல நான் வாரேன்."