கணக்கப்பிள்ளையின் மோட்டார் சைக்கிள்

"பெட்ரோல் வர்ற குழாய மூடி வச்சிருக்கீங்களே, பிறகு எப்படிங்க வண்டி கிளம்பும்?" என்றான் வீரசிங்கம்.

கந்தப்பன் தலையைச் சொறிந்தார். "மூடியிருந்துச்சா? நான் கவனிக்கலையே தம்பி."

கொஸ்லந்தைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கந்தப்பன் கணக்கப்பிள்ளை. சீமைக்குத் திரும்பிப் போன துரை, தன் பழைய மோட்டார் சைக்கிளை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. அன்றிலிருந்து அது வீட்டு வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தப்பன் சாக்கை எடுத்து வண்டியைத் துடைப்பார். கொஞ்ச தூரம் தள்ளிப் பார்ப்பார். "இன்னைக்கும் கிளம்பல" என்று மறுபடி மூடி வைப்பார்.

இன்று அப்படி மூடிவிட முடியவில்லை. நாளை பசறையில் மைத்துனிக்குக் கல்யாணம். மாமனார் தம்பையா நேரில் வந்துவிட்டார். கூடவே தோட்டத்து மருந்துச் சாலைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் வீரசிங்கத்தையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். பதுளையில் ஒரு டாக்டர் வீட்டில் மூன்று வருஷம் மோட்டார் சைக்கிளோடு பழகியவன் அவன்.

"என் மூத்த மாப்பிள்ளையும் பொண்ணும் மோட்டார் சைக்கிள்லதான் வந்து இறங்குவாங்கன்னு லயம் லயமா, வீடு வீடா சொல்லி வச்சிருக்கேன்" என்றார் தம்பையா.

வீரசிங்கம் பிளக்கைக் கழற்றினான். ஒரே கரி. கத்தியால் சுரண்டித் துடைத்தான். அதை இஞ்சின்மேல் வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றச் சொன்னான். நெருப்புப் பொறி வரவில்லை.

கந்தப்பனுக்குக் குரல் தெளிந்தது. "பார்த்தீங்களா மாமா? துரையே வேணாம்னு விட்டுட்டுப் போன வண்டி. பேசாம மாட்டு வண்டிக்குச் சொல்லிடுவோம்."

"இருங்க ஐயா, பொறி உண்டாக்குற மேக்னட்டோவப் பார்த்துடுறேன்."

சின்ன மூடி ஒன்றைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு துண்டுத் தாளை வீரசிங்கம் இழுத்தெடுத்தான். "மை ஒத்துற தாளுங்க. இது நடுவுல இருந்தா எப்படிப் பொறி வரும்?"

தோட்டத்தில் மை ஒற்றி எழுதுகிறவர் கணக்கப்பிள்ளை ஒருவர்தான்.

"எலி இழுத்துட்டு வந்து போட்டிருக்கும்" என்றார் கந்தப்பன்.

"எலி மூடியத் திறந்து, வச்சுட்டு, திரும்ப மூடிட்டும் போயிருக்குங்க."

"இந்தப் பக்கத்து எலி பொல்லாதது" என்றார் தம்பையா, உண்மையான வருத்தத்தோடு.

மறுபடி சக்கரத்தைச் சுற்றினார்கள். நீலப் பொறி பளிச்சென்று தெறித்தது. கூடியிருந்த லயத்து ஆட்கள் கை தட்டினார்கள். கந்தப்பனின் மனைவி ரெங்கம்மா வீட்டுக்குள் ஓடி, நாளைக்கென்று வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இறக்கத்துல தள்ளிவிட்டா கிளம்பிடும். தேயிலை ஸ்டோர் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வாங்க" என்றான் வீரசிங்கம், பிளக்கைத் திரும்ப மாட்டிக்கொண்டே.

"இப்பவேவா? எனக்குக் காலையிலேருந்து தலைவலி. நாளைக்குப் பார்த்துக்குவோமே."

ரெங்கம்மா கணவனுக்குப் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "தண்ணி எடுக்கப் போற எடத்துல எல்லாம் சிரிக்கிறாளுங்க. உன் புருஷனுக்கு வண்டி இருக்கு, வழிதான் இல்லையான்னு கேட்கிறாளுங்க. ரெண்டு மாசமா தலைய குனிஞ்சிக்கிட்டுத்தாங்க வர்றேன்."

அவள் கண்கள் கலங்கியிருந்தன. கந்தப்பன் அவளைப் பார்த்தார். பிறகு மாமனாரைப் பார்த்தார். தொப்பியை அழுத்தி வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். பின்னால் ரெங்கம்மா ஏறி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு பேர் தள்ளினார்கள். வண்டி ஒரு தரம் இருமியது. இரண்டாம் தரம் துள்ளியது. அப்புறம் மலையே அதிரும்படி படபடவென்று பிடித்துக்கொண்டது. தள்ளியவர்கள் விலகிக்கொள்ள, வீரசிங்கம் மட்டும் கைப்பிடியைப் பிடித்தபடி பக்கத்திலேயே ஓடினான். ரெங்கம்மா சிரித்துக்கொண்டே அப்பாவுக்குக் கையசைத்தாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இறக்கத்தில் வேகம் ஏறிக்கொண்டே போனது.

கந்தப்பன் வீரசிங்கத்தின் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, பின்னால இருக்கிறவளுக்குக் கேட்காம சொல்லு. நான் இந்த வண்டிய ஒரு நாளும் ஓட்டினதில்ல. இத எப்படி நிறுத்துறது?"

வீரசிங்கம் கைப்பிடியை விட்டான். "தெரியாதுங்க ஐயா. டாக்டர் வீட்டுல நான் கிளப்பிக் கொடுக்கிறதோட சரி. நிறுத்துறதெல்லாம் அவருதாங்க."