சாபக்கல்

"எடு கையை அந்தக் கல்லு மேலேர்ந்து! மாட்டினியா, வசமா!"

குன்றின்மேல் இடிந்து கிடந்த பழைய மாதா கோயிலுக்குள் குனிந்திருந்த மலாக்கி திடுக்கிட்டு நிமிர்ந்தான். வாசலில் டெலியா. பக்கத்துப் பண்ணைக்காரி.

அந்த உருண்டைக் கல்லை ஊரில் எல்லோருக்கும் தெரியும். வலமாகத் திருப்பினால் வேண்டுதல், இடமாகத் திருப்பினால் சாபம். இந்தக் காலத்தில் அதையெல்லாம் யாரும் நம்புவதில்லை. நம்பாததால்தான் யாரும் தொடுவதுமில்லை.

ஆனால் கல்லின் பாசி பிடித்த பக்கம் தினமும் இடம் மாறியிருப்பதை டெலியா கவனித்துவிட்டாள். தினமும் அவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். பக்தி என்றே வைத்துக்கொள்வோம்.

"நெனச்சேன்யா, நீயாத்தான் இருக்கும்னு! நிறைசினை மாடு, வைக்கோலை மோந்துகூடப் பாக்கல. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா நான் எங்கே போவேன்?"

"டெலியா..."

"பேசாதே! எங்க தாத்தா வீட்டு அடுப்புக்கல்லைப் பேத்துட்டுப் போனே. அதோட குடும்பத்து அதிர்ஷ்டமே போச்சு. அது பத்தாதுன்னு சாபம் வேறயா?"

"அந்தக் கல்லை நான் எடுக்கல."

"ஆமாமா, கால் முளைச்சு அதுவா நடந்து போச்சு!"

மலாக்கி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "மாடு இன்னிக்காவது ஏதாச்சும் தின்னுச்சா?"

"அடடா, என்ன அக்கறை! அக்கம்பக்கத்துல இருக்கறவங்களுக்கே சாபம் வைக்க எவ்வளவு கெட்ட மனசு வேணும்! ஞாயித்துக்கிழமை பூசை முடியட்டும், ஃபாதர் முன்னாடியே கேக்கறேன்."

சொல்லும்போதே அவள் குரல் தழுதழுத்தது. நல்ல மனசுக்காரர்களுக்கு இதெல்லாம் தாங்காது.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க மலாக்கி. தப்பே பண்ணாதவங்களுக்குச் சாபம் வெச்சா, அது வெச்சவங்க தலையிலயே வந்து விழும்!"

"தெரியும். அதனாலதான் தினமும் காலையில வரேன்."

"எதுக்கு?"

மலாக்கி கல்லை நிதானமாக வலப்பக்கம் அரைச் சுற்று திருப்பி வைத்தான்.

"நீ சாயங்காலம் இடமாத் திருப்பிட்டுப் போறே. நான் உங்க அடுப்புக்கல்லைத் தொட்டதே இல்ல. அந்தச் சாபம் திரும்பி வந்து உன் மாட்டு மேல விழறதுக்குள்ள, வலமாத் திருப்பி வெச்சுட்டுப் போலாம்னுதான்."